விகிதமுறு கோவை (எக்ஸ், ஒய் வரும் பின்னம்) கூட்டல், கழித்தல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா:
அரையாண்டுத் தாளில் அந்தப் பழைய கணக்குதான். எக்ஸ்³/(எக்ஸ்−ஒய்) + ஒய்³/(ஒய்−எக்ஸ்). மகள் இரண்டு பகுதிகளையும் (பின்னத்தின் கீழே இருப்பவை) அப்படியே பெருக்கி, பக்கம் முழுக்கச் சுற்றி, எக்ஸ்²+எக்ஸ்ஒய்+ஒய்² என்று சரியாகவே முடித்திருக்கிறாள். "மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எங்கே?" என்று எழுதி, பூஜ்யம். விடைக்குக் கீழே பென்சிலில் எக்ஸ்=2, ஒய்=1 போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் 7 வந்ததும் டிக் போட்டிருந்தாள். அந்த டிக்கையும் சேர்த்துச் சிவப்புக் கோடு. அதுதான் மனசு ஆறவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
பூஜ்யம் அநியாயம்மா. ஆனால் மீ.பொ.ம. கேட்டது தப்பில்லை. ஒய்−எக்ஸ் என்பது −(எக்ஸ்−ஒய்). மைனஸை வெளியே எடுத்தால் பகுதி ஒன்றாகிவிடும், எக்ஸ்³−ஒய்³ஐக் காரணிப்படுத்தினால் வேலை முடிந்தது. இரண்டு மார்க் கணக்குக்கு ஒரு பக்கமா?

டியூஷன் அக்கா:
மன்னிக்கணும் சார், மீ.பொ.ம. மட்டுமா பிரச்சினை? பகுதி ஒன்றாகவே இருக்கிற மாதிரி (2எக்ஸ்+1)/(எக்ஸ்−2) − (எக்ஸ்−3)/(எக்ஸ்−2) கொடுத்தேன். பெஞ்ச் முழுக்க "1 அக்கா!" என்று ஒரே குரல். மைனஸ் 3 பிளஸ் 3 ஆகவே இல்லை. மேலே எக்ஸ்−2, கீழே எக்ஸ்−2, அழகாக அடிபட்டுவிட்டது. அத்தனை முகத்திலும் சந்தோஷம்! சரியான விடை (எக்ஸ்+4)/(எக்ஸ்−2).

அம்மா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கழித்தல் குறி கண்ணில் பட்டதும் இரண்டாவது பின்னத்தின் தொகுதிக்கு (மேலே இருப்பதற்கு) அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள், ஒரே உறுப்பாக இருந்தாலும் சரி. கூட்டலில் இருக்கும் எக்ஸை மேலும் கீழும் அடிக்க விடாதீர்கள், காரணியாக இருந்தால்தான் அடிக்கலாம். அப்புறம் உங்கள் பெண் செய்த சோதனையை விடவே விடாதீர்கள். என் கணக்கில் எக்ஸ்=3 போட்டால் 7 − 0 = 7. விடை 1 என்றவர்கள் அங்கேயே முழித்திருப்பார்கள். 0, 1 வேண்டாம், சில தப்புகள் அதில் ஒளிந்துகொள்ளும்.

எலக்ட்ரிக்கல் டிப்ளமோ:
லேபில் 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இரண்டும் பக்க இணைப்பு. 1/6 + 1/3 கூட்டி "அரை ஓம் சார்" என்றான் பக்கத்து பையன். மீட்டர் 2 காட்டுகிறது. கூட்டி வந்த 1/2ஐத் தலைகீழாக்க மறந்ததைச் சொல்லாமல் "மீட்டர் ரிப்பேர்" என்று சாதித்தான் பாருங்கள்!

பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா:
அக்கா, உங்கள் கணக்கைக் கொடுத்தேன், சரியாகப் போட்டுவிட்டாள். எக்ஸ் 2 ஆக முடியாது (பகுதி பூஜ்யமாகிவிடும்) என்பதையும் விடையோடு எழுத வேண்டுமா என்று கேட்கிறாள். எழுதினால் அதையும் அடித்துவிடுவார்களா சார்?