3 சீரிஸா, கிரான் லிமோசினா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

ஈசிஆர் பயணி:
பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் சாதாரண 330ஐ, அதன் நீள வடிவமான கிரான் லிமோசின் 330எல்ஐ, இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தோம். அதே 2 லிட்டர் டர்போ பெட்ரோல், அதே 258 எச்பி. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்தான் வேறு: 330ஐயில் 2,851 மிமீ, லிமோசினில் 2,961. குட்டை வண்டியின் பின்சீட்டிலிருந்து அப்பா இறங்கியதுதான் மனசிலேயே நிற்கிறது. ஒரு கையால் பில்லரைப் பிடித்து, மறு கையால் வேட்டியை ஒதுக்கி, பாதத்தைக் கதவு இடுக்கில் திருப்பித் திருப்பி வெளியே எடுத்தார். லிமோசினில் பின்கதவு நீளம். கால் நேராகத் தரைக்கு வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கோ குட்டை வண்டியின் ஸ்டியரிங்தான் பிடித்திருக்கிறது.

கொண்டை ஊசி:
பின்சீட்டுதான் முக்கியம் என்றால் 5 சீரிஸ் பக்கம் போங்கள் சார். 3 சீரிஸ் ஓட்டுகிறவன் வண்டி. நூறைத் தொட 330ஐக்கு 5.8 நொடி, லிமோசினுக்கு 6.2. அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? ஏற்காடு ஏறிப் பாருங்கள், அங்கே தெரியும். நண்பரின் லிமோசினில் ஒவ்வொரு வளைவிலும் மூக்கு திரும்பிய பிறகு வால் ஒரு கணம் யோசித்துத்தான் வந்தது.

பழைய டீசல்:
கொண்டை ஊசி, வருஷத்தில் எத்தனை நாள் ஏற்காட்டில் இருப்பீர்கள்? மிச்ச நாளெல்லாம் கிண்டி சிக்னல்தானே! நான் லிமோசினின் டீசல் வகையான 320எல்டி வைத்திருக்கிறேன், டிரைவர் ஓட்டுகிறார், பின்னால் தூங்கிக்கொண்டே ஆபீஸ் போகிறேன். என் கதை அவ்வளவுதான். ஈசிஆர் பயணிக்கு ஒன்று: புதிதாக வாங்கப் போனால் குட்டை வீல்பேஸில் எம்340ஐ மட்டும்தான் கிடைக்கும். அது 3 லிட்டர், ஆறு சிலிண்டர், விலையும் வேறு. 330ஐதான் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட். சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். நான்கு டயரின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். ரன்ஃப்ளாட் என்றால் பஞ்சரானாலும் 80 கிமீ வேகத்துக்குள் 80 கிமீ தூரம் வரை ஓட்டலாம். ஆனால் ஒரு டயர் மாற்றவே கை கடிக்கும். அப்புறம், உங்கள் பார்க்கிங்கை டேப் வைத்து அளந்துவிடுங்கள். லிமோசின் மொத்த நீளத்திலும் அதே 110 மிமீ கூடுதல், எங்கள் பேஸ்மென்ட் தூண் அதற்குச் சாட்சி.

திருச்சிக்காரன்:
இரண்டும் நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் பூட்டுகிற வண்டிதான், எதற்கு இவ்வளவு சண்டை? பின்சக்கர இயக்கம் என்பதால் இரண்டிலும் பின்சீட்டு நடுவில் பெரிய மேடு. மச்சான் கல்யாணத்துக்கு லிமோசினில் பின்னால் மூன்று பேர் போனோம். இரண்டு பெரியப்பாக்களுக்கு நடுவில், மேட்டுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு, மதுரை வரை நான்.