பாஸ்டில் சிறையில் 7 பேர்தான் இருந்தார்களா? அதற்கா இவ்வளவு கொண்டாட்டம்?

கடற்கரைக்காரன்:
பாண்டிச்சேரியில் ஜூலை 14 வந்தால் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த) தாத்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையை உடைத்த நாள் என்று பள்ளியில் படித்ததோடு சரி. இப்போது ஒரு காணொளியில் ஒருவர், 1789இல் உள்ளே போனபோது மொத்தமே 7 கைதிகள், அதில் 4 பேர் கள்ளப் பத்திரக்காரர்கள், 2 பேர் மனநலம் சரியில்லாதவர்கள், மற்றதெல்லாம் பின்னால் ஊதிப் பெருக்கிய கதை என்கிறார். உண்மையா? 7 பேருக்காகவா தாக்கப் போனவர்களில் 98 பேர் செத்தார்கள்?

நூலகப்பூச்சி:
7 சரிதான். ஏழாவது ஆள் சொலாழ் என்ற பிரபு, அவருடைய குடும்பமே கேட்டு உள்ளே போட வைத்தது. எழுத்தாளர் மார்க்கி த சாத் கூட அங்கேதான் இருந்தார், ஆனால் இங்கே கைதிகளைக் கொல்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கத்தியதால் ஜூலை முதல் வாரத்திலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் கூட்டம் போனது கைதிகளுக்காக இல்லை. அன்று காலையில் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கான ஆங்வலீத் மாளிகையில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை அள்ளிவிட்டார்கள், சுட மருந்து இல்லை. 250 பீப்பாய் வெடிமருந்து பாஸ்டிலுக்குள் பத்திரமாக இருந்தது, ஊரைச் சுற்றி ராஜாவின் படை வேறு குவிந்திருந்தது, இந்த நிலைமையில் வேறு எங்கே போவார்கள்? காவலுக்கு இருந்தவர்கள் 82 ஓய்வுபெற்ற சிப்பாய்களும் முப்பத்துச் சொச்சம் சுவிஸ் வீரர்களும். மதியத்துக்கு மேல் ராஜாவின் சொந்தக் காவல் படையில் ஒரு பகுதியே கட்சி மாறி பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்ததும் கோட்டை ஆளுநர் த லோனே தூக்குப் பாலத்தை இறக்கிவிட்டார். அவரை நகர மன்றத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் அடித்தும் குத்தியும் கொன்றார்கள்.

தேநீர்_மேசை:
அண்ணா, வெடிமருந்து சரி, ஆனால் அந்தக் காணொளிக்காரர் தலையை எண்ணி முடிவு சொல்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1370இல் பாரிஸின் கிழக்கு வாசலை ஆங்கிலேயரிடமிருந்து காக்கக் கட்ட ஆரம்பித்த, 8 கோபுரம் வைத்த கோட்டை அது. 1600களில் ராஜாவின் மந்திரியாக இருந்த ரிஷ்லியூ காலத்தில்தான் முழுநேர அரசுச் சிறை ஆனது. உள்ளே போக வழக்கு வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், ராஜா கையெழுத்தும் ஒரு மந்திரி கையெழுத்தும் போட்ட முத்திரைக் கடிதம் ஒன்று போதும். எத்தனை நாள் என்று அதில் இருக்காது. வெளியே வரும்போது உள்ளே பார்த்ததைச் சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் ஊர் சும்மா இருக்குமா, எலும்புக்கூடு, சித்திரவதை என்று இஷ்டத்துக்குக் கதை கட்டியது.

வசதி இருந்தவர்கள் சொந்தக் கட்டில், வேலைக்காரனோடு இருந்தார்கள், சாப்பாட்டுப் படி அந்தஸ்துக்கு ஏற்றபடி ராஜா கணக்கில் போகும், இதெல்லாமும் உண்மை. எழுத்தாளர் வால்டேர் ஒரு நையாண்டிக் கவிதைக்காக 1717இல் போய் 11 மாதம் இருந்து ஒரு நாடகத்தையும் எழுதிக்கொண்டு வந்தார். ஆனால் லத்யூத் என்று ஒருவர், ராஜாவின் ஆசைநாயகிக்குப் போலி வெடிப் பொட்டலம் அனுப்பிவிட்டு அவரே காட்டிக்கொடுப்பதுபோல நல்ல பெயர் வாங்கப் பார்த்தவர் (சரியான தில்லாலங்கடி), 1756இல் சட்டைத் துணியைத் திரித்து ஏணி கட்டித் தப்பியும் பிடிபட்டு, இந்தச் சிறை அந்தச் சிறை என்று சுமார் 35 வருடம் கிடந்தார். அவர் செய்தது திருட்டுத்தனம்தான், அதற்கு 35 வருடமா? எந்த நீதிபதியும் அவரை விசாரிக்கவே இல்லை. பயம் அங்கேதான், 7க்கும் 70க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ராஜி_காரைக்கால்:
நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்டவர்களை யாருமே சொல்லவில்லையே! 1746இல் சென்னைப் பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே, பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்று ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டு, அதில் பாண்டிச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்சோடு முட்டிக்கொண்டார் இல்லையா, அவர் ஊருக்குத் திரும்பியதும் போன இடம் பாஸ்டில்தான். 1748லிருந்து 1751 வரை உள்ளே இருந்தார், கடைசியில் குற்றமில்லை என்று விட்டார்கள், உடம்பு போய் 1753இல் இறந்தார்.

பிரெஞ்சுத் தளபதி லாலி கதை இன்னும் மோசம். வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்று, 1761இல் பாண்டிச்சேரியை ஒப்படைத்து, கைதியாக லண்டன் போனவர், பாரிஸில் தன்னைத் துரோகி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானே அனுமதி வாங்கித் திரும்பினார். பிறகு பாஸ்டிலுக்குள் தள்ளினார்கள். 1766இல் வாயை அடைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள். இங்கே அவர் நடந்துகொண்ட விதத்துக்கு நம் ஆட்கள் அழுதிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் தோல்விக்கு ஒரு தலை தேவைப்பட்டது, எடுத்தார்கள். வால்டேரும் லாலியின் மகனும் விடாமல் போராடி 1778இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார்கள்.

கடற்கரைக்காரன்:
அக்கா, லாலி அங்கே இருந்தார் என்பது எனக்குப் புதுசு, நன்றி. தம்பி டிசம்பரில் பாரிஸ் போகிறான், அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நூலகப்பூச்சி:
கோட்டை இல்லை. பலுவா என்ற ஒப்பந்தக்காரர் உடனே ஆள் வைத்து இடிக்க ஆரம்பித்து, அந்தக் கல்லிலேயே குட்டி பாஸ்டில் செதுக்கி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பினார், பலே வியாபாரி. மீதிக் கல்லில் கொஞ்சம் பாரிஸின் கொங்கோர்து பாலத்துக்குப் போனது. ஒரு சாவியை பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அமெரிக்க அதிபர் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார், இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது. தம்பியை மெட்ரோ 5ஆம் தடத்தில் பாஸ்டில் நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள், நடைமேடையிலேயே கொஞ்சம் அஸ்திவாரம் தெரியும். மேலே நிற்கும் தூண் 1830 புரட்சிக்கு வைத்தது, அதன் கீழே நின்று படம் எடுத்து 1789 என்று போட்டுவிடப் போகிறான்.