இரண்டு மாத பில் 500 யூனிட்டுக்குள் நிற்க முதலில் எதில் கை வைப்பது?

மாம்பலம்_மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. வீட்டில் ஐந்து பேர். சாதாரண நாட்களில் இரண்டு மாதத்துக்கு 540, 560 யூனிட் என்று வருகிறது, கோடையில் 700ஐயும் தாண்டிவிடுகிறது. மாமனார் அறை அறையாகப் போய் லைட்டை அணைத்துக்கொண்டே இருக்கிறார். பள்ளியில் பூமி தினத்துக்கு ஏதோ சொல்லிக்கொடுத்ததிலிருந்து பையன் வேறு எல்லார் போன் சார்ஜரையும் பிடுங்கிப் போட்டுவிடுகிறான், காலையில் யார் போனிலும் சார்ஜ் இருப்பதில்லை. இதனாலெல்லாம் உண்மையிலேயே எவ்வளவு குறையும்? லைட் எல்லாம் எப்போதோ எல்இடிக்கு மாற்றியாகிவிட்டது. பழைய ஃபேன் நாலு, ராத்திரி மட்டும் ஓடும் ஏசி ஒன்று, ஃப்ரிட்ஜ், கீசர், கிரைண்டர், வாஷிங் மெஷின், இவ்வளவுதான் வீட்டில். பில் குறைய வேண்டும், அதே நேரம் சுற்றுச்சூழலுக்கும் நிஜமாகவே பிரயோஜனமாக இருக்க வேண்டும், பேருக்குச் செய்ய இஷ்டமில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கம்பிக்காரன்:

வயரிங் வேலைதான் என் தொழில், அதனால் நேராகக் கணக்குக்கே வந்துவிடுகிறேன் சகோ. சும்மா செருகியிருக்கிற சார்ஜர் நாலையும் இரண்டு மாதம் பிடுங்காமலே விட்டாலும் ஒன்றிரண்டு யூனிட் தேறுவது கஷ்டம். பையனுக்கு ஆர்வம் இருந்தால் டிவி பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸைக் காட்டிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் அது உள்ளுக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கும், பழைய பெட்டி என்றால் 10 வாட் வரை இழுக்கும், இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் ஆகிறது. தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும்.

பெரிய ஆள் உங்கள் ஃபேன்தான். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். பிஎல்டிசி என்று உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த புது வகை ஃபேன் வருகிறதே, அது அதே காற்றுக்கு 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 130 யூனிட் மிச்சம், 560 அப்படியே 430 ஆகிவிடும். இங்கே இன்னொரு சங்கதி இருக்கிறது. 2024 ஜூலை கட்டணப்படி 500ஐத் தாண்டாத வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், பிறகு 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. 501 ஆனதும் அந்த 2.35 சலுகை போய் அதுவும் 4.70 ஆகிவிடும், 500க்கு மேலே உள்ள யூனிட்டுக்கு 8.40. அந்தக் கணக்கில் 560 யூனிட்டுக்கு 2,544 ரூபாய், 430க்கு 1,364 ரூபாய். ஃபேனுக்குப் போட்ட பணம் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும்.

வாங்கி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேர் ஸ்விட்சில் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டிவிட்டு, ஃபேனுக்குள் இருக்கிற போர்டு எரிந்துவிட்டது என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய.

சிறுவாணித்தண்ணி:

ஃபேன் விஷயம் சரி. ஆனால் சமையலறையையும் குளியலறையையும் யாருமே பேசவில்லையே!

கீசர் 2000 வாட்டுங்க. சென்னையில் மார்கழியை விட்டால் அது எதற்கென்றே எனக்குப் புரியவில்லை, ஓவர்ஹெட் டேங்க் தண்ணியே மத்தியானம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். தேவை என்றால் போட்டு, சூடானதும் அணைத்துவிட்டுக் குளியுங்கள். ஐந்து பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் போதும். ஆறு மணிக்கு ஒருத்தர், எட்டு மணிக்கு ஒருத்தர் என்றால் அது திரும்பத் திரும்பச் சூடேறிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் மாடியில் சோலார் ஹீட்டர்தான். சிறுவாணித் தண்ணியில் உப்பு கிடையாது, குழாய் அடைக்காமல் வருஷக்கணக்கில் ஓடுகிறது. உங்கள் ஊர் போர் தண்ணிக்கு அது சரிப்படுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள், உப்பு படிந்தால் இரண்டே வருஷத்தில் தலைவலி.

கிரைண்டருக்குப் பயந்து மாவைக் கடையில் வாங்காதீர்கள். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், ஒரு மணி நேரம் ஆட்டினாலும் கால் யூனிட் கூட ஆகாது. அந்த மாவு பாக்கெட்டின் பிளாஸ்டிக்தான் குப்பைக்குப் போகிறது.

கேஸும் எரிபொருள்தானே. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்தால் குக்கரில் பாதி நேரம் போதும். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். உள்ளே அழுத்தம் வந்துவிட்டது, இனிமேல் பெரிய தீ வைத்தால் ஆவி வெளியே போகுமே தவிரப் பருப்பு ஒன்றும் சீக்கிரம் வேகாது. ஐந்து விசில், ஆறு விசில் என்று எண்ணிக்கொண்டு நிற்பதை விட, சிம்மில் எத்தனை நிமிஷம் என்று பழகிக்கொள்ளுங்கள்.

வெயில்_தாத்தா:

மேல்மாடி என்று சொன்னீர்களே அம்மா, அதில்தான் எல்லாம் இருக்கிறது. பகல் முழுக்க கான்கிரீட் தளம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி அதை உங்கள் அறைக்குள்தான் விடும். ஒன்பது மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உங்கள் ஏசி முதல் ஒரு மணி நேரம் அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டுகிறது.

மாசிக் கடைசியிலேயே மாடியைக் கூட்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை அடித்துவிடுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஐப்பசி மழையில் கரைந்து போகும், மறுவருஷம் திரும்ப அடிக்க வேண்டியதுதான், செலவு பெரிதில்லை. ரொம்ப நாள் நிற்க வேண்டுமென்றால் கூல் ரூஃப் பெயின்ட் என்றே விற்கிறார்கள். தெலங்கானாவில் 2023லேயே இதற்கென்று அரசாங்கக் கொள்கை கொண்டுவந்தார்கள். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். உள்ளே எத்தனை திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

ஓட்டைப்பை:

எல்லோரும் ஏதாவது வாங்கத்தான் சொல்கிறீர்கள். ஓடுகிற ஃபேனைக் கழற்றிக் காயலான் கடையில் போடுவது எந்த ஊர்ப் பசுமை?

துணியை ட்ரையரில் போடாமல் மாடியில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷினில் வெந்நீர் வாஷ் வேண்டாம், அதில் கரண்ட் தின்பது மோட்டார் இல்லை, ஹீட்டர்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் கேஸ்கெட் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும், ஃப்ரிட்ஜை மாற்ற வேண்டாம். பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு கை இடம் விடுங்கள். ஏசியை 26ல் வைத்து ஃபேனையும் மெல்ல ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று ஸ்டார் லேபிள் கொடுக்கிற பீஇஇயே சொல்கிறது.

கம்பிக்காரன்:

@ஓட்டைப்பை ஞாயமான கேள்விதான். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறை ஃபேனை மாற்றாதீர்கள், அது கெட்டுப்போகும்வரை அப்படியே ஓடட்டும். ஹாலிலும் படுக்கை அறையிலும் ராப்பகலாக ஓடுகிறதே, அதை மாற்றத்தான் சொல்கிறேன். கழற்றியதில் உள்ள செம்பு உருகி மறுபடி செம்பாகத்தான் வரும், வீணாகாது.

ஏசியில் ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். லேபிளில் வருஷத்துக்கு இவ்வளவு யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. சென்னையில் தினம் எட்டு மணி நேரம் ஓட்டுகிற வீட்டில் 2900 மணி நேரம் வந்துவிடும். லேபிளில் உள்ள வருஷத்தையும் பாருங்கள், அளவுகோலை அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்து ஸ்டார் இன்றைக்கு ஐந்து ஸ்டார் கிடையாது.

மாம்பலம்_மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா சொன்ன மாதிரி சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே வெதுவெதுப்புதான்! சுண்ணாம்புக்கு அசோசியேஷனில் கேட்டிருக்கிறேன், செக்ரட்டரி மாமா காமன் செலவில் போடலாமா என்று யோசிக்கிறார். செட்டாப் பாக்ஸைப் பையனிடம் ஒப்படைத்தாகிவிட்டது, இப்போது சீரியல் நேரத்தில் மாமியாருக்கும் அவனுக்கும்தான் சண்டை. இன்னும் ஒன்று, மாடியில் சோலார் பேனல் போட மானியம் கிடைக்கிறது என்கிறார்களே, எங்களுக்கு அது லாபமா?

கம்பிக்காரன்:

மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டம் 2024ல் வந்தது, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நம் வெயிலுக்குத் தினம் சுமார் 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். உங்களுக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். மாடி எல்லோருக்கும் பொது, அதனால் மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதம் இல்லாமல் ஆகாது. அப்புறம் ஃபேன், கீசர், சுண்ணாம்பு எல்லாம் முடித்து 400க்கு இறங்கிவிட்டால் உங்கள் பில்லே 1,175 ரூபாய்தான், அதில் மிச்சம் பிடித்துப் பேனல் காசை எடுக்க வெகுகாலம் ஆகும். 800, 1000 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு யோசிக்காமல் போடச் சொல்வேன்.

அசோசியேஷனில் பேசுகிறீர்கள் என்றால் காமன் மீட்டருக்குப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரை ராத்திரி போடாமல் பதினொரு மணி வெயிலில் போட்டால் பேனல் கரண்டிலேயே டேங்க் நிறைந்துவிடும். பேனல் போடுவதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது, டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுத்தான் வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். அப்படி என்றால் ஒரு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரை இந்த வாரமே மாட்டிவிடலாம்.