வயல்வெளியில் வீசிய டொர்னாடோ சுழல்காற்றின் வேகத்தைக் கணிக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சேதக் கணக்கெடுப்பில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

டொர்னாடோவுக்கு 0 முதல் 5 வரை தரம் கொடுக்க 2007 முதல் அமெரிக்காவில் பயன்படும் ஈஎஃப் (மேம்பட்ட ஃபுஜிட்டா) அளவுகோல் காற்றை நேரடியாக அளப்பதில்லை. எது எப்படி உடைந்தது என்று பார்த்து, கட்டடம், மரம் போன்ற 28 வகைச் சேதக் குறியீடுகளை வைத்து வேகத்தைக் கணிக்கிறது. வெறும் வயலில் உடைவதற்கு என்ன இருக்கிறது? 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே வண்டியில் பொருத்திய நகரும் ரேடார் மணிக்கு ஏறக்குறைய 480 கி.மீ. காட்டியும், சேதத்தை வைத்துக் கொடுத்த தரம் ஈஎஃப்3 தான்.

மரங்கள் ஓரளவு கைகொடுக்கின்றன. விழுந்த ஒவ்வொரு மரத்தின் திசையையும் வரைபடத்தில் அம்புக்குறியாகப் போட்டால், நடுக்கோட்டை நோக்கிக் குவிவது டொர்னாடோ. வெளிப்புறமாக விரிவது மேகத்திலிருந்து கீழிறங்கிய காற்று. மண் ஈரமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே மரம் வேரோடு சாயும், அதனால் பெயர்ந்து வந்த வேர்த்தட்டையும் (வேர்ப் பரப்பு) மண்ணையும் சேர்த்தே படம் எடுக்க வேண்டும்.

குழப்பம் மின்கம்பங்களில்தான். ஒன்று முறிந்தால் கம்பி இழுத்து வரிசையாகப் பல சாயும். அதில் காற்றால் முறிந்தது எது, இழுபட்டது எது என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? மரக்கம்பத்தின் அடி அழுகியிருந்தால் கணக்கில் சேர்ப்பீர்களா?

பயிர் படுத்த தடத்தை டிரோனில் எந்த உயரத்திலிருந்து எடுத்தால் சுழல் தெளிவாகத் தெரியும்?

தானியக் களஞ்சியக் கட்டடத்தின் சேதப் படம் இருந்தால் பகிருங்கள். கூரையைவிட, சுவரின் அடிக்கட்டை அஸ்திவாரத்தோடு சேரும் இடம்தான் முக்கியம்: வெறும் ஆணியா, போல்ட்டா, போல்ட்டில் நட்டும் வாஷரும் இருந்தனவா என்று தெரிய வேண்டும். இடிபாடுகளை அகற்றுவதற்கு முன் எடுத்த படமாக இருக்கட்டும்.