டக்வீடுக்கு 'நீர்வில்லை' என்று வைக்கலாமா?

> வீட்டு மீன்தொட்டியில் டக்வீட் (duckweed, நீரில் மிதக்கும் சிறு பச்சைச் செடி) வளர்ப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'வாத்துக் களை' என்று போடலாமா?

வணக்கம் நண்பரே.

களை என்றால் பிடுங்கிப் போடுவது. உங்கள் வாசகரோ கடையில் கேட்டு வாங்கித் தொட்டியில் விடுகிறவர். மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை உறிஞ்சித் தழைக்கிற செடி, தங்கமீனும் திலேப்பியாவும் விரும்பித் தின்கிற தீவனம். அதைப் போய்க் களை என்பானேன்?

> அப்படியானால் 'வாத்துப்பாசி'?

பேச்சுக்கு இது போதும். பாசி என்றால் ஆல்கா ஆயிற்றே என்று தாவரவியல்காரர்கள் மறுப்பார்கள். வேலம்பாசியும் பூக்கும் செடிதான், அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் செடிக்குத் தண்டு தனி, இலை தனி என்று கிடையாது. பச்சையாய் மிதக்கும் தட்டை உடல் ஒன்றுதான், ஃப்ராண்ட் என்பார்கள். 'வாத்துப்பாசி இலை' என்று எழுதினால் பிழை. 'உடலம்' என்று எழுதினால் அடுத்த வரிக்கு ஆள் இருக்காது.

ஃப்ராண்டுக்கு 'வில்லை', செடிக்கு 'நீர்வில்லை' என்பது என் பரிந்துரை. மருந்து வில்லை, அஞ்சல் வில்லை என்று புழங்கிய சொல்தான். லென்சும் வில்லைதானே என்பீர்கள். ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயரிலுள்ள 'லின்சே'க்கும் மசூர்ப் பருப்பு, லென்ஸ் என்று இரண்டு பொருள் உண்டு. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். தாய் வில்லையின் ஓரத்திலுள்ள சிறு பையிலிருந்து சேய் வில்லை எட்டிப் பார்க்கும். வளர்ந்ததும் கழன்று தனியே மிதக்கும். வெளிச்சமும் சத்தும் நன்றாகக் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் வில்லைகள் இரட்டிப்பாகும். வில்லைக்கு ஒரே வேர் என்றால் லெம்னா என்ற வகை. வேர்கள் கொத்தாக இறங்கி, அடிப்பக்கம் செவ்வூதாவாக இருந்தால் ஸ்பைரோடெலா. ஃபில்டர் நீர் விழுந்து கலக்கும் இடத்தில் வில்லைகள் தங்காது, மிதக்கும் வளையத்துக்குள் விட வேண்டும். தொட்டி முழுக்க மூட விட்டால் அடியிலுள்ள செடிகளுக்கு வெளிச்சம் போகாது, நீரில் காற்று கலப்பதும் குறையும், அடிக்கடி அள்ளிவிடுங்கள். தங்கமீன் வைத்திருப்பவர்கள் தனித் தொட்டியில் வளர்த்து அளந்து போடுவது நல்லது, இல்லாவிட்டால் விதைக்குக்கூட மிஞ்சாது.

எங்கும் இடறவில்லை என்றே நினைக்கிறேன். வோல்ஃபியா என்ற வகை மட்டும் இந்தப் பெயருக்குள் அடங்காது. வேரே இல்லாமல், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட வராமல், ரவை போல் மிதப்பதை வில்லை என்று சொல்ல வாய் வராது. அதற்கு 'நீர்க்குருணை' என்று தனியாக வைத்துவிடலாம்.

அப்புறம், டியூரியன் (turion). குளிர் வந்தாலோ சத்துக் குறைந்தாலோ ஸ்பைரோடெலா விடும் உறக்க மொட்டு, மாவுச்சத்தை நிரப்பிக்கொண்டு அடியில் போய்க் கிடக்குமே, அது. 'அமிழ்வில்லை' என்று எழுதிப் பார்த்தேன். நிலைமை சரியானதும் அதுவே மேலே வந்து முளைக்கிறது, அங்கே பெயர் பொருந்தவில்லை. 'உறங்குவில்லை' தேவலாமா? குழுவில் தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.