ரோமானிய பிரிட்டன் பண்ணைகளின் 'T' வடிவ அடுப்பு: தானியம் உலர்த்தவா, மால்ட் செய்யவா?

அடுக்குமண்:
தென் இங்கிலாந்தில் 3, 4-ஆம் நூற்றாண்டுப் பண்ணைக் குடியிருப்புகளைத் தோண்டினால் 'T' வடிவப் புகைவழியுள்ள அடுப்புகள் அடிக்கடி தட்டுப்படுகின்றன. அறிக்கைகளில் எல்லாமே 'தானியம் உலர்த்தும் அடுப்பு'தான். பீருக்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) செய்தார்களா என்று மண் மாதிரியை வைத்துச் சொல்ல முடியுமா?

கரித்துகள்:
முடியும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். 1970-களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ், பழங்கால வேளாண்மையைச் செய்து பார்க்கும் ஹாம்ப்ஷயரின் பட்சர் பண்ணையில் இப்படியொரு அடுப்பைக் கட்டி எரித்துப் பார்த்தார். ஈரத் தானியத்தை உலர்த்த அது அவ்வளவாக உதவவில்லை, மால்ட்டுக்கே பொருத்தம் என்றார்.

கருகிய ஸ்பெல்ட் கோதுமையை நுண்ணோக்கியில் முதுகுப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். உமி இறுக்கிப் பிடித்திருப்பதால் முளை வெளியே வராமல் முதுகை ஒட்டியே வளரும். அந்தத் தடம் மெல்லிய பள்ளமாக நிற்கும். பெரும்பாலான மணிகள் முளைத்து, முளைகளின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மால்ட். அங்கொன்றும் இங்கொன்றுமாக, நீளம் கன்னாபின்னாவென்று இருந்தால் மழையில் நனைந்து வயலிலேயே முளைத்த கதிர்.

உழவாரம்:
அதற்கு மாதிரி ஒழுங்காக எடுத்திருக்க வேண்டுமே! தீவாய், புகைவழி, அதன் கடைசி முனை மூன்றையும் கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 40 லிட்டர். அவ்வளவு மண் இல்லையென்றால் இருப்பதெல்லாம். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதப்பதை 0.25 மி.மீ. சல்லடையில் பிடியுங்கள். 1 மி.மீ. போட்டால் உதிர்ந்த முளைகளும் சிறு களைவிதைகளும் தண்ணீரோடு போய்விடும், பிறகு 'மால்ட் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். நிழலில் மெல்லக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் கரி வெடித்து நொறுங்கும்.

நடுவில் ஒன்று: அடுப்பைக் கைவிட்ட பிறகு குப்பை கொட்டி மூடியிருப்பார்கள். மேலே கிடக்கும் மண்ணுக்கும் அடுப்பின் வேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. சிவந்து வெந்த தரையை ஒட்டிய கரிப்படிவுதான் முக்கியம்.

கரித்துகள்:
தீவாய் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஸ்பெல்ட் உமியை விறகோடு சேர்த்து எரித்தார்கள். மால்ட் காய்ந்ததும் தேய்த்து உதிர்த்த முளைகளும் நல்ல எரிபொருள்தான். ஆகவே தீவாயில் முளை கிடைத்தால் பக்கத்தில் எங்கோ மால்ட் செய்தார்கள் என்பது வரைதான் உறுதி. ஒரே அடுப்பில் இரண்டு வேலையும் நடந்திருக்கலாம்.

அடுக்குமண்:
நன்றி. ரேடியோகார்பன் காலக்கணிப்புக்கு அதே கரியை அனுப்பலாமா?

உழவாரம்:
ஓக் கரி வேண்டாம். மரத்தின் உள்வளையமாக இருந்தால் நூறாண்டுக்கு மேலும் பழையதாகக் காட்டும். தரைப்படிவில் கிடைத்த கோதுமை மணி ஒன்றே ஒன்றை அனுப்புங்கள். பல மணிகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பாதீர்கள்.