பழைய பங்களாவுக்கு யுபிவிசி ஜன்னலும் சிமெண்ட் பூச்சும் சரிவருமா?

தாழ்வாரம்: 1920களில் கட்டிய ஒற்றைத் தள பங்களா ஒன்றை வாங்கியிருக்கிறோம். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவர், மர ஜன்னல்கள், முன்பக்கம் முழுக்க வராந்தா. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூச்சு, யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், முன்னால் முழுக்க பேவர் கல் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?

சுண்ணாம்புக்காரன்: மூன்றுமே வேண்டாம். செங்கல் இடுக்கில் இருக்கும் காரையை நகத்தால் கீறிப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்பு. சுவருக்குள் போன ஈரம் அந்தக் காரை வழியாகத்தான் ஆவியாகி வெளியேறுகிறது. மேலே சிமெண்டை அப்பினால் வழி அடைபட்டு, ஈரம் இன்னும் உயரம் ஏறும், செங்கல் முகமே பொரிந்து உதிரும். எங்கள் வீட்டில் அப்படிப் பூசினோம். ஆறாம் வருஷம் தட்டிப் பார்த்தால் பூச்சு முழுக்கப் பொள்ளென்று ஒலித்தது. அதைப் பெயர்த்தபோது பாதிச் செங்கலும் கூடவே வந்துவிட்டது.

புதுச்சாவி: சுவர் விஷயத்தில் சரி. ஜன்னலில் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்படி ஒரு வீட்டில் பதினோரு வருஷம் இருந்தவன் நான். மழைக்காலம் வந்தால் ஜன்னல் உப்பி அடைக்க வராது, காற்றடித்தால் இரவெல்லாம் தடதடவென்று ஆடும். வயதான அம்மாவால் ஒரு கொண்டியைக்கூடத் தூக்க முடியவில்லை. வீடு அதில் வாழ்கிறவர்களுக்காகத்தான்.

சுண்ணாம்புக்காரன்: ஜன்னலின் அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கும் இடம்தான் மக்கியது. பெரும்பாலும் கீழ் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குத்தான் இருக்கும். அதை மட்டும் வெட்டியெடுத்து ஆசாரி புது மரம் ஒட்டுவார். குளிரோ தூசியோ வருவது இடுக்கு வழியாக. ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டினாலே நிறையக் குறையும். யுபிவிசி பழுதானால் இப்படி ஒட்டுப்போட முடியாது, முழுச் சட்டத்தையும் கழற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று, அந்தக் கண்ணாடி. பக்கவாட்டில் நின்று பாருங்கள், வெளியே இருக்கும் மரம் லேசாக நெளியும். கண்ணாடி காலப்போக்கில் வழிவதால் அப்படி ஆகிறது என்று சொல்வார்கள், அது தவறு. அந்தக் காலத்தில் தயாரித்த விதமே அப்படி. 1959-ல் பில்கிங்டன் நிறுவனம் உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடும் ஃப்ளோட் முறையை அறிவித்த பிறகுதான் நெளிவில்லாத கண்ணாடி மலிவாகப் பரவியது. உங்கள் பழைய கண்ணாடியை உடைத்துவிட்டால் அது சாதாரணக் கடையில் கிடைக்காது. பெயிண்டை மட்டும் சுரண்டித் தேய்த்துவிட்டு...

புதுச்சாவி: தேய்க்கச் சொல்லாதீர்கள்! அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்ததே 1978-ல்தான். உலர்ந்தபடி தேய்த்தால் தூசி வீடெங்கும் படியும், குழந்தைகள் இருந்தால் விபரீதம். முதலில் சோதித்துப் பாருங்கள்.

சுண்ணாம்புக்காரன்: நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வதுதான் சரி. ஈயம் இருந்தால் அனுபவமுள்ள ஆளை வைத்து, ஈரப்படுத்தித்தான் நீக்க வேண்டும்.

மண்வெட்டி: எல்லோரும் சுவரையே பார்க்கிறீர்கள். முழங்கால் உயர ஓதம் என்றதுமே எனக்குத் தரைமேல்தான் சந்தேகம். பல வருஷமாக மண்ணும் எருவும் கொட்டிக் கொட்டி, பூப்பாத்தி வீட்டின் உள்தரையைவிட உயர்ந்திருக்கும். உள்தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே வெளிமண் இருக்க வேண்டும். பேவர் கல் போட்டால் அது இன்னும் ஏறும், மழைத்தண்ணீர் சுவரிலேயே வந்து மோதும்.

புதுச்சாவி: அப்படியானால் வண்டியைச் சேற்றில் நிறுத்துவதா?

மண்வெட்டி: வேண்டாமே. 1920களில் கார் வைத்திருந்த வீடுகளில் சக்கரத்துக்கு மட்டும் இரண்டு கான்கிரீட் பட்டை போட்டு, நடுவே புல்லை விட்டிருப்பார்கள். சேறும் இல்லை, தண்ணீரும் நிலத்தில் இறங்கும். வராந்தா முன்னால் இடுப்புக்கு மேல் வளரும் எதையும் நடாதீர்கள். தாழ்ந்து அகன்ற கூரைதான் பங்களாவின் முகம், அதை மறைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், கூரான கம்பியால் புல்தரையைக் குத்திக்கொண்டே நடந்து பாருங்கள். பழைய நடைபாதைக் கல் அடியிலேயே கிடக்கலாம்.

புதுச்சாவி: இதை ஏற்கிறேன். ஆனால் பழைய மாதிரியே தெரிய வேண்டுமென்று போலிப் பித்தளை விளக்கும் போலித் தூணும் வாங்கி வைக்காதீர்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964-ன் வெனிஸ் சாசனமே, புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்கிறது. குளியலறை, வயரிங் எல்லாம் இன்றைய தரத்தில் இருக்கட்டும்.

சுண்ணாம்புக்காரன்: மொத்தத்தோடு இசைந்து இருக்க வேண்டும் என்பதும் அதே சாசனத்தில்தான் இருக்கிறது. வெள்ளை யுபிவிசி அங்கே எப்படி இசையும்? வயரிங்கில் எனக்கு மறுப்பே இல்லை, பழைய வயரை ஒரு நாள்கூட நம்பக்கூடாது.

தாழ்வாரம்: இன்று அளந்து பார்த்தேன். இடதுபக்கப் பாத்தி உள்தரையைவிட நான்கு விரல் உயரமாக இருக்கிறது! சிமெண்ட் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதலில் மண்ணை வெட்டி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடப் போகிறோம். பெயிண்டைச் சோதித்த பிறகு, பின்பக்கம் இருக்கும் ஒரே ஒரு ஜன்னலை ஆசாரியிடம் கொடுக்கிறேன்.

புதுச்சாவி: அந்த ஒரு ஜன்னலுக்கு எத்தனை நாள் ஆனது, மழையில் அடைக்க வந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள். அதுவரை என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.